ஆறு பந்தும் ஓர் அவகாசமும்

பிரெடரிக் கோட்டை வாசலிலே புள்ளிமான்கள் மேயும் மாலை வேளையில், திருகோணமலைக் கடற்கரையில் மென்பந்துத் துடுப்பாட்டம் பார்த்து நின்றவர்கள், ஆறு பந்து வீசி முடித்தவன் பந்தை அடுத்தவனிடம் எறிந்துவிட்டு, வலத்தோளை இடக்கையால் பிசைந்தபடியே எல்லைக்கோட்டை நோக்கி நடப்பதையும் கண்டிருப்பார்கள். டென்னிஸ் பந்து கடினப்பந்தின் பாதி எடைகூட இராதாகையால், அதிலே வேகம் காட்டத் தோளைத்தான் செலவழிக்க வேண்டும். அவனுடைய அந்தச் சிறு நடையைப் பற்றியே சொல்ல வந்தேன்.

ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறைமுகத்தைக் கைப்பற்றி, 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்த வரையிலான நெடுங்காலத்துக்குள், அவர்கள் தேசத்து ஓவர் நான்கு பந்தாயிருந்து, 1889இல் ஐந்தாகி, 1900இல் ஆறாயிற்று. ஆஸ்திரேலியாவிலோ 1979 வரையில் எட்டு. எண்ணிக்கை எப்படி மாறினாலும், அது முடிந்ததும் பந்து மறுமுனைக்குப் போயாக வேண்டுமென்ற சம்பிரதாயம் மாறவில்லை. தோளின்மேல் இரக்கங்கொண்டு அப்படி விதித்தார்களென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் இளைப்பாறுதல் விதிக்குள்ளேயே புகுந்துகொண்டது.

1944 மார்ச் இறுதியில் இத்துறைமுகத்துக்கு வந்து, ஏப்ரலில் சபாங்கைத் தாக்கச் சென்ற ‘சரடோகா’ என்னும் அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் மாலுமிகளுடைய தேச விளையாட்டான பேஸ்போலில் இந்தச் சலுகை கிடையாது. ஆளை மாற்றினாலொழிய, எதிரணியின் மூவர் ஆட்டமிழக்கும்வரை மேட்டின்மேல் நிற்பவனே வீசிக்கொண்டிருக்க வேண்டும். தோளுக்குமேல் கையை உயர்த்தி வீசலாமென்று அங்கே அனுமதி பிறந்த 1884ஆம் ஆண்டிலேயே சார்லஸ் ராட்போர்ன் 678 இன்னிங்ஸுக்குமேல் வீசித் தீர்த்தார்; காலையில் தலைவாரக்கூட அவருக்குக் கை எழவில்லையென்று கதை சொல்வார்கள். 1974இல் டாமி ஜான் என்பவரின் இடது முழங்கையில் அறுந்த நாருக்குப் பதிலாக, வலது முன்கையிலிருந்து எடுத்த தசைநாணை வைத்துப் பிராங்க் ஜோப் என்ற வைத்தியர் கட்டினார். அச்சிகிச்சை இன்றும் அந்த ஆட்டக்காரரின் பெயராலேயே வழங்குகிறது.

ஆட்டம் நீள்கிறதென்று இரசிகர் சலித்ததன் பலனாக 2023இல் பேஸ்போலில் ஒரு வீச்சுக்கும் அடுத்த வீச்சுக்கும் இடையிலான அவகாசத்தை அளக்கும் கடிகாரம் வந்தது: தளங்களில் ஓட்டக்காரன் இல்லையேல் 15 வினாடி, இருந்தால் 20, மறு ஆண்டு அந்த இருபதும் பதினெட்டாயிற்று. முழங்கைகள் கெடுவதற்கு இந்த அவசரமும் காரணமென்று வீரர் சங்கம் முறையிட்டது, நிர்வாகம் மறுத்தது, 2024 இறுதியில் அது வெளியிட்ட அறிக்கை வேகமோகத்தின்மேல் பழிபோட்டது. வேகமே முதற்குற்றவாளி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் முழுபலத்தையும் பிரயோகிக்கிறவனிடமிருந்து மூச்சுவாங்கும் அவகாசத்தையும் பிடுங்குவது எந்த நியாயத்தில் சேர்ந்ததோ! துடுப்பாட்டத்திலும் 2023 டிசம்பரில் 60 வினாடிக் கடிகாரம் புகுந்தது; எனினும் அது ஓவர்களுக்கு நடுவே ஓடுவது; வீசியவன் அதற்குள் எல்லைக்கோட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறான்.

எங்கள் கரையில் சூரியன் கடலிலே மறைவதில்லை. உட்துறைமுகத்துக்கப்பால், மேற்கே இறங்குகிறது. பந்து கண்ணுக்குத் தெரியும்வரை ஆட்டம்.

“மச்சான், வெளிச்சம் போகுது, கடைசி ஓவர நீயே போடு!”

தோளைப் பிசைந்துகொண்டு நின்றவன் வந்து பந்தை வாங்கி, மணலைக் காலால் தட்டிச் சமப்படுத்திவிட்டு, ஓட்டத்துக்காகப் பின்னோக்கி நடக்கிறான்.