இட்லி வடிவத்துல ஒரு உலகம்

18 நிமிஷத்துல ஒரு நாள் முடிஞ்சிடுற கிரகத்தை யோசிச்சுப் பாருங்க. அவ்வளவு வேகமா சுத்துறதால அது உருண்டையா இல்ல. இட்லி மாதிரி தட்டை. பேரு மெஸ்க்லின். 1953-ல 'மிஷன் ஆஃப் கிராவிட்டி' நாவலுக்காக ஹால் கிளெமென்ட் கணக்குப் போட்டு உருவாக்கினது.

இட்லியோட விளிம்புதான் நடுக்கோடு. அங்க ஈர்ப்பு பூமியைப் போல 3 மடங்கு. துருவத்துல சுமார் 700 மடங்கு! துருவத்துல சில அங்குல உயரத்துல இருந்து விழுந்தாலே மரணம். அதனால அங்க வாழுற பூரான் மாதிரி உயிரினங்களுக்கு உயரம்னாலே நடுக்கம். கிரகத்தோட வடிவம் மாறினா, பயமும் மாறுது.

கணக்குல தப்பு இருந்தா கண்டுபிடிக்கிறது வாசகர்களோட விளையாட்டுன்னு கிளெமென்ட் நினைச்சார். எம்ஐடி மாணவர்கள் கண்டுபிடிச்சாங்க: விளிம்பு இன்னும் கூர்மையா இருக்கணும். துருவ ஈர்ப்பும் அவ்வளவு வராதுன்னு பின்னாடி அவரே ஒத்துக்கிட்டார்.

என் கோடுல யாராவது பக் காட்டினா எனக்கு முகம் சுருங்கும். அப்போல்லாம் இவரைத்தான் நினைச்சுக்குறேன்.