மேக்பெத் வாசிப்பும் நீலகிரி நிலமும்

1834 ஜூனில் கப்பலில் சென்னை வந்திறங்கிய தாமஸ் பாபிங்டன் மெக்காலே உடனே கல்கத்தா போகவில்லை. கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் உடல்நலம் கருதி உதகையில் தங்கியிருந்ததால், ஆலோசனைச் சபையின் புதிய சட்ட உறுப்பினரும் மலையேற வேண்டியிருந்தது. ஏறக்குறைய 400 மைல் தூரத்தையும் மனிதர்களின் தோள்மீதே கடந்ததாக அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்த மழைக்காலத்தில் அவர் கொடுத்த 'கிளாரிசா' நாவலைப் படித்து மலையிலிருந்த வெள்ளை அதிகாரிகளும் அவர்களின் மனைவியரும் உருகிப்போன கதையைத் தாக்கரே பதிவுசெய்திருக்கிறார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 2 அன்று மெக்காலே கல்கத்தாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்தும் தம் கல்விக் குறிப்பை எழுதினார். மார்ச் 7 அன்று பெண்டிங்க் அதற்கு அரசாணை வடிவம் தந்தார். தமிழகத்தில் 'மேக்பெத்' படிக்கப்பட்ட வரலாற்றை உதகையிலிருந்து தொடங்க இதுவே காரணம்.

1844-ல் ஹார்டிஞ்சின் தீர்மானம் ஆங்கிலம் படித்தவர்களுக்கு அரசு வேலையில் முன்னுரிமை அளித்தது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. ஷேக்ஸ்பியரைக் கற்பது உத்தியோகத்துக்கான படிக்கட்டாயிற்று. இந்தச் சூழலில்தான் சென்னைக் கிறித்தவக் கல்லூரி முதல்வர் வில்லியம் மில்லர் லியர், மேக்பெத், ஹாம்லெட், ஒத்தெல்லோ நாடகங்களைப் பற்றிய தம் ஆய்வுகளை 1900-ஐ ஒட்டி நூலாக்கினார். லியர் மன்னனின் கதையை இந்திய அரசியலோடு பொருத்திப் பார்க்கத் தயங்காத அதே மில்லர், மேக்பெத்துக்கு வந்ததும் 'ஆன்மாக்களின் அழிவு' என்று தலைப்பிட்டார். பேராசை ஒருவனின் உள்ளத்தைக் கெடுக்கிறது, குற்ற உணர்வு அவனைத் தின்கிறது என்ற இந்தப் பாதையில்தான் பல தலைமுறை மாணவர்களின் குறிப்பேடுகள் நடந்தன. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான் என்பது என் வாதம்.

சட்டமும் அதே திசையில் நடந்தது. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837-ல் வரைவு தந்து 1860-ல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதற்கென்றே ஓர் இயலை ஒதுக்கியது. மேக்பெத் சீமாட்டியை அதன்கீழ் நிறுத்திவிடலாம். கொலைக்குத் தூண்டியவளைப் பிடிக்கத் தெரிந்த அந்தச் சட்டத்துக்கு, கையெழுத்தால் பறிபோகும் மண்ணைப் பற்றிக் கேட்கத் தெரியவில்லை.

நாடகத்துக்கு அந்தக் கேள்வி தெரியும். நான்காம் அங்கம் மூன்றாம் காட்சியில், கொலையுண்ட அரசனின் மகனும் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தவனுமான மால்கம், தன்னைத் தேடிவந்த ஸ்காட்லாந்துப் பிரபு மக்டஃபின் விசுவாசத்தைச் சோதிக்கிறான். தான் அரசனானால் பிரபுக்களை ஒழித்து அவர்களின் நிலங்களை எடுத்துக்கொள்வேன், ஒருவனின் நகையும் இன்னொருவனின் வீடும் எனக்கு வேண்டும், எடுக்க எடுக்கப் பசி கூடும் என்கிறான். மக்டஃப் உடனே வெகுண்டெழவில்லை. அது பல அரசர்களை வீழ்த்திய ஆழமான வேர் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, ஸ்காட்லாந்தில் உமக்குப் போதிய வளம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்கிறான்! மேடையில் பெரும்பாலும் வெட்டுப்படும் காட்சி இது. எனக்கு நாடகத்தின் மையமே இங்கேதான் இருக்கிறது.

நீலகிரியில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர் ஜான் சல்லிவனை நினைக்காமல் இருக்க முடியாது. கோயம்புத்தூர் கலெக்டரான அவர் தோடர்களிடமிருந்து நிலம் வாங்கி 1822-ல் கட்டத் தொடங்கிய 'ஸ்டோன் ஹவுஸ்'தான் உதகையின் முதல் ஐரோப்பிய வீடு; மலைமக்கள் வாயில் அது கல் பங்களா. மலையில் வேறெந்த ஐரோப்பியரையும்விட அதிக நிலம் சேர்த்தவர் அவர். மண்ணின் உரிமை தோடர்களுடையது, அதை அரசு மதிக்க வேண்டும் என்று சென்னை அரசோடு மல்லுக்கு நின்றவரும் அவரே. இதைக் குற்ற உணர்வு என்று பெயரிட எனக்குத் துணிவில்லை. நேர்மையான கொள்கையாகவும் இருக்கலாம். ஆனால் எடுத்த கையே உரிமையாளரைச் சுட்டிக்காட்டும் இந்த முரண், ஆன்மாவின் அழிவு என்ற சட்டகத்துக்குள் அடங்காது. 1955-ல் தொடங்கிய அரசு கலைக் கல்லூரி அந்தக் கல் பங்களா வளாகத்தில்தான் இயங்குகிறது. 'மேக்பெத்'தைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரியாது.

வகுப்பறை விட்டதை மேடை மெல்ல மெல்லப் பிடித்தது. 1893-ல் கல்கத்தா மினர்வா அரங்கைக் கிரீஷ் சந்திர கோஷ் தம் வங்காள 'மேக்பெத்'தோடு திறந்தபோது கூட்டம் நிலைக்கவில்லை. 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் மேக்பெத்தை 'மகபதி' ஆக்கித் தமிழுக்குக் கொண்டுவந்தார். நெருக்கடி நிலைக் காலத்தில் வங்க நாடகக்காரர் உத்பல் தத் இதே நாடகத்தை மேடையேற்றியபோது, அது ஆன்மாவைப் பற்றிய பாடமாக இல்லை. அன்றைய ஆட்சியைப் பற்றிய பேச்சாக இருந்தது.

மேக்பெத்தைத் தழுவி 2021-ல் வந்த திலீஷ் போத்தனின் மலையாளப் படமான 'ஜோஜி' இன்னும் ஒரு படி நெருங்குகிறது. அங்கே அரியணை கிடையாது. தோட்டம், வீடு, படுக்கையில் விழுந்தும் பிடியைத் தளர்த்தாத தகப்பன், பாகம் பிரியாத சொத்து: இவ்வளவுதான். மில்லரின் மாணவர்கள் அந்தப் படத்திலும் கெட்டுப்போன ஒருவனைத்தான் கண்டிருப்பார்கள். அவனைக் கெடுத்த நிலத்தையும், அது யார் கையிலிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்பதையும் தேர்வுத்தாளில் கேள்வியாக்க வேண்டிய பொறுப்பு இன்று பாடத்திட்டம் வகுப்பவர்களுடையது.