மன்னித்தல் (கிறிஸ்தவ அறம்)

தனக்குத் தீங்கு செய்தவர் மீது பழிவாங்கும் எண்ணத்தைக் கைவிட்டு, அவருக்கும் நன்மையை நாடுவதைக் கிறிஸ்தவ மரபு மன்னித்தல் என்கிறது. கடவுளிடம் மன்னிப்புப் பெற்றவர் பிறரை மன்னிக்கக் கடன்பட்டவர் என்பதே இதன் அடிப்படை. கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ் சபையார், சீர்திருத்த சபையார் ஆகியோரிடையே கோட்பாட்டு வேறுபாடுகள் பல உண்டு என்றாலும், மன்னிக்கும் குணத்தைக் கிறிஸ்தவ வாழ்வின் அடையாளமாகக் கொள்வதில் அவர்கள் ஒன்றுபடுகிறார்கள். பேரிழப்பு நேர்ந்த நாளில் இந்தக் குணம் திடீரென்று பிறந்துவிடாது. அன்றாட ஜெபத்திலும், சின்னச் சின்ன மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்ளும் பழக்கத்திலும் ஊறித்தான் வரும். மன்னிப்பதால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடாது என்பதிலும் மரபு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் நடைமுறையில் அதிகம் மறக்கப்படுவது இதுதான்.

விவிலிய அடிப்படை

இயேசுவின் போதனை யூத மரபில் வேரூன்றியது. ஆதியாகமத்தில், தன்னை அடிமையாக விற்ற சகோதரர்களை யோசேப்பு எகிப்தில் ஏற்றுக்கொள்கிறான். ஏற்கும் முன், அவர்கள் மனம் மாறியிருக்கிறதா என்று நெடுநாள் சோதித்தும் பார்க்கிறான். கி.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீராக்கின் ஞானம், அயலாரை மன்னித்தால்தான் நமது வேண்டுதலின்போது நம் பாவங்களும் மன்னிக்கப்படும் என்கிறது. மனிதருக்கு மனிதர் செய்த தவறு, பாதிக்கப்பட்டவரைச் சமாதானப்படுத்தாதவரை பாவப்பரிகார நாளிலும் நீங்காது என்பது மிஷ்னாவின் தீர்ப்பு.

இந்தச் சிந்தனையை இயேசு அன்றாட மன்றாட்டுக்குள் கொண்டுவந்தார். அவர் கற்பித்த ஜெபத்தில், மன்றாடுகிறவர் தன் செயலையே அளவாகக் காட்டும் வேண்டுதல் ஒன்றுதான்: தான் பிறரை மன்னிப்பதுபோலத் தன்னையும் மன்னிக்கும்படி கேட்பது. மத்தேயு நற்செய்தியில் ஜெபம் முடிந்தவுடன் இயேசு திரும்பவும் எடுத்து விளக்குவதும் இந்த ஒரு வரியைத்தான்.

அதே நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில், எத்தனை தடவை மன்னிக்க வேண்டும் என்று பேதுரு கேட்கிறார். எண்ணிக்கை வைத்துக்கொள்ளவே இடமில்லாத பதில் வருகிறது. அதைத் தொடர்வது கடன்பட்ட ஊழியக்காரன் உவமை. பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியானவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தரவேண்டிய சக ஊழியனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி; ஒரு தாலந்து சுமார் 6,000 வெள்ளிப்பணம். அப்படியானால் முதல் கடன் 6 கோடி நாள் கூலி. ஆண்டுக்கு 300 நாள் உழைத்தாலும் 2 லட்சம் ஆண்டுகள் ஆகும். இரண்டாவது கடன் நூறு நாள் கூலி. பிரசங்கங்களில் இதை அற்பத்தொகை என்று சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. மூன்று நான்கு மாதச் சம்பாத்தியம் ஒரு கூலிக்காரனுக்குப் பெரிய பணம். பிறர் நமக்குச் செய்த தீங்கு உண்மையிலேயே பெரிதாக இருக்கலாம் என்பதை உவமை மறுக்கவில்லை. அதற்கு அருகே வேறொரு கணக்கை வைத்துக் காட்டுகிறது, அவ்வளவே.

தவறு செய்தவர் மனம் வருந்திய பிறகுதான் மன்னிக்க வேண்டுமா என்ற கேள்விக்குப் புதிய ஏற்பாடு ஒரே பதிலைத் தரவில்லை. லூக்கா 17-இல் மன்னிப்பு மனவருத்தத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. மாற்கு 11-இல் ஜெபிக்க நிற்கும்போதே யார்மேல் குறை இருந்தாலும் மன்னித்துவிடும்படி சொல்லப்படுகிறது. உள்ளத்தில் பகையை விடுவது ஒன்று, உறவை மறுபடி சேர்ப்பது வேறு என்று பிரித்துப் பார்க்கும் இறையியலாளர்கள், முன்னதற்கு நிபந்தனை இல்லை, பின்னதற்கு மனமாற்றம் வேண்டும் என்கிறார்கள். சிலுவையில் இயேசு தம்மைக் கொல்பவர்களுக்காக வேண்டியது லூக்காவின் மிகப் பழைய பிரதிகள் சிலவற்றில் இடம்பெறவில்லை. ஆயினும் அப்போஸ்தலர் நடபடிகளில், கல்லெறியப்பட்டுச் சாகும் ஸ்தேவான் அதே பொருளில் வேண்டிக்கொள்கிறார். முதல் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் எதைத் தங்கள் அடையாளமாகக் கருதினார்கள் என்பதை அறிய அது போதும்.

வழிபாட்டில்

ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பெரிய நோன்புக்கு முந்தைய நாள் மன்னிப்பு ஞாயிறு. அன்று மாலை வழிபாட்டின் முடிவில் குருவானவரே முதலில் சபையார் முன் பணிந்து மன்னிப்புக் கேட்கிறார். பிறகு ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவர் முன்பும் நின்று பணிகிறார்கள். மாமியார் மருமகள் முன்னும், முதலாளி வேலையாள் முன்னும் குனிந்தாக வேண்டும். கேரளத்தின் சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபைகளில் நோன்பின் முதல் திங்களன்று நடக்கும் சுப்கோனோ வழிபாடு இதே நோக்கம் கொண்டது. கத்தோலிக்கத் திருப்பலியில் நற்கருணைக்கு முன் அருகிலிருப்பவர்க்குச் சமாதானம் சொல்லும் வழக்கம், காணிக்கையைப் பீடத்தருகே விட்டுவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்ற மலைப்பொழிவுப் போதனையோடு தொடர்புடையது. தமிழ்நாட்டுச் சீர்திருத்த ஆலயங்களில் பெரிய வெள்ளியன்று நண்பகல் 12 மணி முதல் 3 மணிவரை சிலுவையின் ஏழு வார்த்தைகள் மீது பிரசங்கம் நடக்கும். அதில் முதல் வார்த்தை மன்னிப்பைப் பற்றியது.

மன்னிப்பும் கோபமும்

பின்னாளில் டர்ஹாம் ஆயரான ஜோசப் பட்லர் 1726-இல் வெளியிட்ட பதினைந்து பிரசங்கங்களில் இரண்டு, மனக்கசப்பையும் மன்னிப்பையும் பற்றியவை. அநீதியைக் கண்டு எழும் கோபம் கடவுளே மனித இயல்பில் வைத்தது, அநீதிக்கு எதிரான காவல் அது என்பது பட்லரின் கருத்து. கோபம் அளவு கடந்து வன்மமாகவும் பழியாகவும் மாறுவதைத்தான் அவர் விலக்குகிறார். தீங்கு செய்தவனும் மனிதன், அவனுக்கு நன்மை நாடும் கடமை அப்போதும் தீர்வதில்லை என்கிறார். கோபமே வரக்கூடாது என்று போதிக்கப்பட்டு, வந்துவிட்ட கோபத்துக்காகக் குற்ற உணர்வில் நோகும் விசுவாசிகளுக்கு இந்த இரண்டு பிரசங்கங்களும் இன்றும் ஆறுதல் தரும்.

டிர்க் வில்லெம்ஸும் நிக்கல் மைன்ஸும்

16-ஆம் நூற்றாண்டு நெதர்லாந்தில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத மறுஞானஸ்நானக்காரர்கள் வேட்டையாடப்பட்டார்கள். ஆஸ்பெரன் ஊரில் சிறைப்பட்டிருந்த டிர்க் வில்லெம்ஸ் தப்பி, உறைந்திருந்த நீர்ப்பரப்பைக் கடந்து ஓடினார். துரத்தி வந்த காவலாளின் காலடியில் பனிக்கட்டி உடைந்தது. டிர்க் திரும்பிவந்து அவரைக் கைகொடுத்துத் தூக்கிக் காப்பாற்றினார். காப்பாற்றப்பட்டவர் அவரை விட்டுவிட விரும்பியும், கரையில் நின்ற ஊர்த்தலைவர் கடமையை நினைவூட்டிப் பிடிக்கச் செய்தார். 1569 மே 16 அன்று டிர்க் எரிக்கப்பட்டார். 1660-இல் வெளிவந்த தியாகிகள் கண்ணாடி என்ற டச்சு நூல் இதைப் பதிவுசெய்தது. 1685 பதிப்புக்கு யான் லைக்கன் செதுக்கிய படத்தில், இரு கைகளையும் நீட்டியபடி டிர்க் குனிந்திருக்கிறார்.

அந்த மரபில் வந்த ஆமிஷ் மக்களின் வீடுகளில் இந்த நூல் இன்றும் இருக்கிறது. அவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை திருவிருந்து அனுசரிக்கிறார்கள். அதற்கு முன் நடக்கும் ஆலோசனை வழிபாட்டில், சபையார் தங்களுக்குள் சமாதானமாக இருக்கிறார்களா என்று பார்க்கப்படும். பிணக்கு தீரவில்லையென்றால் திருவிருந்தே தள்ளிப்போகலாம். வேலித் தகராறும் கடன் பாக்கியும் இப்படித்தான் அங்கே பேசித் தீர்க்கப்படுகின்றன.

2006 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியா மாநிலம் நிக்கல் மைன்ஸில், ஆமிஷ் குழந்தைகள் படித்த ஓரறைப் பள்ளியில் அப்பகுதியைச் சேர்ந்த பால் லாரி ஓட்டுநர் ஒருவர் 10 சிறுமிகளைச் சுட்டுவிட்டுத் தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். 5 சிறுமிகள் உயிரிழந்தனர். அன்று மாலையே ஆமிஷ் ஆண்கள் சிலர் கொலையாளியின் மனைவியையும் பெற்றோரையும் தேடிப்போய் ஆறுதல் கூறினார்கள். அவரது அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஆமிஷ் மக்கள். வந்து குவிந்த உதவித்தொகையில் அவரது குடும்பத்துக்கும் பங்கு போனது. பள்ளிக் கட்டடம் பத்து நாளில் இடிக்கப்பட்டது. புதியது 2007 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பல ஆண்டுகள் கொலையாளியின் தாய் வாரந்தோறும் சென்று, மிகக் கடுமையாகக் காயமுற்ற சிறுமி ஒருத்தியைக் கவனித்துக்கொண்டார். அந்த வாசலை அவருக்குத் திறந்துவிட்ட பெற்றோரின் மனத்துணிவை எவ்வளவு சொன்னாலும் தகும்.

அவ்வளவு விரைவில் மன்னிப்பதா, துக்கப்படக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லையே என்று அப்போது செய்தித்தாள்களில் எழுதினார்கள். ஆனால் மன்னிப்பதென முடிவெடுத்தது மட்டுமே அன்று நடந்தது. துக்கமும் கசப்பும் பின்னும் இருந்தன, அந்த முடிவைத் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியிருந்தது என்று ஆமிஷ் பெற்றோரே சொல்லியிருக்கிறார்கள்.

ஒடிசாவும் மத்தியப் பிரதேசமும்

ஆஸ்திரேலியரான கிரஹாம் ஸ்டெயின்ஸ் 1965-இல் இந்தியா வந்து, ஒடிசாவின் பாரிபடாவில் மயூர்பஞ்ச் தொழுநோய் இல்லத்தில் பணியாற்றினார். 1999 ஜனவரி 22 நள்ளிரவுக்குப் பின், கேந்துஜர் மாவட்டம் மனோகர்பூர் கிராமத்தில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருந்த அவரையும், 10 வயது பிலிப், 6 வயது திமோத்தி ஆகிய மகன்களையும் ஒரு கும்பல் தீயிட்டுக் கொன்றது. மனைவி கிளாடிஸ், கொன்றவர்களைத் தான் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். மகள் எஸ்தரோடு பாரிபடாவிலேயே தங்கி, 2004 வரை இல்லத்தை நடத்தினார். 2005-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

இந்தக் கொலைகளை விசாரித்த நீதிபதி வாத்வா ஆணையத்திடம் அவர் அளித்த வாக்குமூலம் கவனமாக வாசிக்கத் தக்கது. கணவர் ஏன் கொல்லப்பட்டார், அவ்வளவு கொடூரமாக நடக்கக் கொலையாளிகளைத் தூண்டியது எது என்று தான் சில நேரம் யோசிப்பதாக அதில் ஒப்புக்கொள்கிறார். அவர்களைத் தண்டிக்கும் எண்ணம் தனக்கு இல்லை, மனம் வருந்தித் திருந்த வேண்டும் என்பதே விருப்பம் என்கிறார். வழக்கை அவர் சட்டத்திடம் விட்டுவிட்டார். 2003-இல் முதன்மைக் குற்றவாளி தாரா சிங்குக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005-இல் ஒடிசா உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கிளாடிஸின் மன்னிப்பு நீதிமன்றத்தின் குறுக்கே நிற்கவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் இந்தூர் செல்லும் வழியில் நடந்த ஒரு கொலையில் மன்னிப்பு சட்டத்தின் வழியாகவே ஒரு படி முன்னே சென்றது. கேரளத்தின் புல்லுவழியில் பிறந்த அருட்சகோதரி ராணி மரியா, மத்தியப் பிரதேசத்தின் உதயநகரில் நிலமற்ற ஏழைகள் வட்டிக்காரர்களிடமிருந்து விடுபட உழைத்தவர். 1995 பிப்ரவரி 25 அன்று இந்தூர் சென்ற பேருந்தில், ஆதிக்கக்காரர்கள் ஏவிய சமந்தர் சிங் அவரைப் பல முறை கத்தியால் குத்திக் கொன்றார். சுவாமி சதானந்த் என்று அறியப்பட்ட கத்தோலிக்கக் குரு சிறையில் சமந்தரைச் சந்தித்துப் பேசினார். 2002-இல் ரட்சாபந்தன் நேரத்தில், ராணி மரியாவின் தங்கையும் துறவியுமான செல்மி பால் சிறைக்குச் சென்று, அக்காவைக் குத்திய அதே கையில் ராக்கி கட்டித் தம்பியாக ஏற்றார். குடும்பத்தாரும் துறவற சபையும் விடுதலைக்குச் சம்மதம் எழுதிக்கொடுத்தார்கள். 2006-இல் சமந்தர் வெளியே வந்தார். மறு ஆண்டு புல்லுவழிக்குப் போய் ராணி மரியாவின் பெற்றோரைப் பார்த்தார். தாய் எலிஸ்வா அவர் கைகளை எடுத்து முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது சமந்தரும் அங்கிருந்தார்.

விவாதங்கள்

மன்னிக்கும் உரிமை யாருடையது என்பதே இந்த அறத்தைப் பற்றிய மிகக் கடினமான கேள்வி. தென்னாப்பிரிக்காவில் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996-இல் விசாரணையைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம், முழு உண்மையையும் சொல்பவர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்க முடிந்தது. தங்கள் சார்பில் அரசு மன்னிப்பதா என்று, நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போலீஸ் காவலில் இறந்த ஸ்டீவ் பிகோவின் குடும்பத்தார் அரசமைப்பு நீதிமன்றம் சென்று தோற்றார்கள். ஆனால் பிகோவின் மரணத்தில் தொடர்புடைய போலீஸ்காரர்களுக்கு 1999-இல் பொதுமன்னிப்பு மறுக்கப்பட்டது.

வீட்டு வன்முறைக்கோ, திருச்சபைக்குள்ளேயே பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்களிடம் மன்னித்துவிடு என்று மூன்றாம் மனிதர் வற்புறுத்துவது பல இடங்களில் நடந்திருக்கிறது. அது இந்த அறத்துக்கே செய்யும் துரோகம். மத்தேயு 18 முழுவதையும் வாசித்தால், சிறியவர்களை இடறச் செய்பவர்களுக்கு எதிரான மிகக் கடுமையான எச்சரிக்கை அதே அதிகாரத்தில் முன்னால் நிற்பதைக் காணலாம்.

ஒரே தாயின் பிள்ளைகளுக்குக்கூட மன்னிப்பு ஒரே நேரத்தில் வருவதில்லை. 2015 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் சார்லஸ்டன் நகரில், இம்மானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் (ஏ.எம்.இ.) ஆலயத்தில் விவிலிய வகுப்பில் இருந்த 9 கறுப்பினத்தவரை வெள்ளை இனவெறியர் ஒருவர் சுட்டுக் கொன்றார். இரண்டு நாள் கழித்து நீதிமன்றத்தில், கொல்லப்பட்ட ஈத்தல் லான்ஸின் மகள் நடீன் காலியர் கொலையாளியை மன்னிப்பதாக அழுதபடி சொன்னார். ஈத்தலின் இன்னொரு மகளான ஷாரன் ரிஷர், டல்லஸில் மருத்துவமனை ஆன்மிகப் பணியாளராக இருந்தவர்; தன்னால் அப்போது மன்னிக்க முடியாது என்று வெளிப்படையாகவே கூறினார். சில ஆண்டுகளுக்குப் பிறகே அவரும் மன்னித்தார். 2019-இல் அந்த நீண்ட வழியைப் புத்தகமாக எழுதினார். மரண தண்டனைக்கு எதிராகவும் பேசி வருகிறார்.