கேம்பியத்துக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர்: பால்மரப் பட்டையும் உயிரணுச் சைகையும்

ரப்பர் மரத்தைச் சீவும்போது கேம்பியத்துக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைக்க வேண்டும். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் ரிட்லி 1890களில் வகுத்த சீவுமுறையிலிருந்து வளர்ந்த விதி இது. முறை உருவான ஆண்டை 1895 என்பாரும் 1897 என்பாரும் உண்டு. சோதனைகள் பல ஆண்டு நீண்டதால் ஒற்றை ஆண்டைத் தேடுவதில் பயனில்லை. பேராக் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கையில் இருந்ததும் இதே விதிதான். பால்குழாய் வளையங்கள் கேம்பியத்தை நெருங்க நெருங்கச் செறிந்திருப்பதால் உளி மேலோடினால் பால் குறையும். ஆழம் போனால் காயம்.

அந்த மில்லிமீட்டர் என்ன செய்கிறது? கேம்பியத்தைக் காக்கும் உறை என்பது வழக்கமான விடை. அது கேம்பியத்துக்குச் சைகை அனுப்பும் இடம் என்பது என் வாதம்.

கேம்பியம் மரத்தின் குருத்தணுத் தளம், அதாவது ஸ்டெம் செல் அடுக்கு. உட்புறம் கட்டையையும் வெளிப்புறம் பட்டையையும் ஈன்றுகொண்டே தானும் குறையாமல் நிற்கிறது. பால்மரத்தில் இதை ஆள்வது எது என்று கேட்டால், ஹாவோவும் வூவும் 2000ஆம் ஆண்டு ‘அன்னல்ஸ் ஆஃப் பாட்டனி’ இதழில் எழுதிய கட்டுரையைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். இளந்தண்டுகளின் மேல் ஜாஸ்மானிக் அமிலத்தைத் தடவியபோது கேம்பியத்திலிருந்து இரண்டாம்நிலைப் பால்குழாய்கள் தோன்றின. காயம் அமிலத்தைக் கூட்டுகிறது, அமிலம் பால்குழாயைத் தருகிறது என்பது அவர்கள் வாசிப்பு. 2003இல் தியான் குழுவினர் இவ்விளைவு காயத்தை ஒட்டியே நிற்பதையும் காட்டினர்.

சோதனையில் எனக்கு ஐயமில்லை. அதை எதற்கெல்லாம் சான்றாக்குகிறோம் என்பதில்தான் உடன்பாடில்லை. பால்குழாய் தோன்றுவது என்பது கேம்பியத்தின் மகவணு ஒன்று வேறுபட்டு வெளியேறுவது. தளம் தன்னைத்தானே நிரப்பிக்கொள்வது வேறு செயல். முன்னதற்குரிய சைகையைக் கண்டதால் பின்னதையும் கண்டதாகக் கொள்ள முடியாது. வெளியேற்றம் மட்டுமே தூண்டப்பட்டால் தளம் வற்றிப்போக வேண்டும். இளந்தண்டில் கண்டதைப் பல்லாண்டு சீவப்பட்ட அடிமரத்தின் புதுப்பட்டைக்கு நீட்டுவதும் தாவல்தான். பார்க்கின் என்ற ஆய்வாளர் இலங்கையில் 1890களின் இறுதியில் கண்ட ‘காய எதிர்வினை’யை இதன் முன்னோடியாகக் காட்டத் தோன்றலாம். அங்கே கூடியது சில நாள்களுக்குள் வடிந்த பாலின் அளவு; புதுக் குழாய் உருவாகிப் பால் தர அவ்வளவு நாள் போதாது.

தளத்தை நிலைநிறுத்தும் சைகை வேறு செடிகளில் கிடைத்திருக்கிறது. ஃபுகுடாவின் ஆய்வுக்குழு 2006இல் சின்னியா அணு வளர்ப்பிலிருந்து டிடிஐஎஃப் என்ற, 12 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடைப் பிரித்தது. அரபிடாப்சிஸில் பட்டைத் திசுவான ஃபுளோயம் அதைச் சுரக்கிறது. கேம்பிய அணுக்களின் பிஎக்ஸ்ஒய் ஏற்பி அதைப் பெற்று, வாக்ஸ்4 மரபணு வழியாகப் பிரிவைத் தூண்டுகிறது. கட்டையாக மாறுவதைத் தடுப்பதும் அதே பெப்டைடுதான். விலங்கிலும் இதற்கு இணையுண்டு: எலியின் கருக் குருத்தணுக்களை 1981இல் ஊட்ட அணுப்படுகையின் மேல் வளர்த்தார்கள். படுகை தந்தது லிஃப் என்ற புரதம் என்று 1988இல் தெரிந்தது. பிரிவதற்கு இடம்தந்து வேறுபாட்டைத் தடுக்கும் சைகை அங்கும் பக்கத்து அணுவிலிருந்தே வந்தது. 2015இல் பாப்ளர் மரத்தில் செய்த சோதனை எனக்கு இன்னும் முக்கியம். பெப்டைடும் ஏற்பியும் அவற்றுக்குரிய திசுக்களில் மிகுந்தபோது கட்டை கூடியது. எங்கும் மிகுந்தபோது திசு ஒழுங்கு குலைந்தது. சைகை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதும் செய்தியின் பகுதி.

பால்மரத்தில் சாற்றைக் கடத்தும் ஃபுளோயம் கேம்பியத்தை ஒட்டிய மெல்லிய பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. உளி விட்டுவைப்பது அதைத்தான்.

சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டமொன்றின் எல்லையில் தப்பி நிற்கும் கிழட்டுப் பால்மரத்தின் பட்டையைக் கல்வெட்டு போலப் படிக்கலாம். ஒரு பக்கம் வழுவழுப்பாக, பரப்பு முழுதும் ஒரே தடிப்பில் ஆறியிருக்கிறது. மறுபக்கம் விரலகலக் காயம். நடுவில் கட்டை தெரிய, விளிம்புகளிலிருந்து மட்டும் முண்டு திரண்டு உள்நோக்கி வந்து பாதியில் நின்றிருக்கிறது. எந்த ஆண்டுக் காயம் என்பதற்கு மரத்தில் தடயமில்லை. ஃபுளோயம் எஞ்சிய இடத்தில் எல்லாப் புள்ளியும் ஒருசேர வளர்ந்தது. அது போன இடத்தில் விளிம்பு மட்டுமே வளர்ந்தது. ஆழக் காயத்தில் கேம்பியமும் சேர்ந்தே போயிருக்கும் என்ற மறுப்பு நியாயமானது. ஆகவே இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

வலுவான எதிர்ச்சான்று சீனத்து யூக்கோமியா. பட்டையை முழுதும் உரித்தாலும் ஈரம் காத்தால் அது மீள்கிறது. ஆனால் உரித்த பரப்பிலுள்ள முதிராத கட்டையணுக்கள் நேரே ஃபுளோயமாக மாறுவதை 2008இல் பாங் குழுவினர் விவரித்தனர். சைகையின் ஊற்று முதலில் மீண்டால் தளமும் மீளும் என்று இதை வாசிக்கிறேன். பால்மரத்தில் இதைச் சோதிக்கலாம்: கேம்பியத்தைத் தொடாமல் ஃபுளோயத்தை மட்டும் ஒரு கீற்றளவு நீக்கி, ஈரம் காத்து, பாதிக் கீற்றில் செயற்கை டிடிஐஎஃப் தடவ வேண்டும். இரு பாதியும் ஒரே வேகத்தில் ஆறினால் என் வாசிப்பு நிற்காது.