கல்லில் ஏறிய சேரி

மரபைக் காட்டுகிறோம் என்று பள்ளிப் பிள்ளைகளைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போகிறார்கள். நல்ல காரியம்தான். அங்கே எதைக் காட்டுகிறார்கள் என்பதுதான் என் கேள்வி. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்தது, 200 அடிக்குக் குறையாத விமானம், 1987இல் உலக மரபுச் சின்னமானது. பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து, நோட்டில் எழுதிக்கிட்டு, புளிச்சோறு தின்னுட்டு வீடு திரும்புகிறார்கள். எங்க தெருப் பிள்ளைகளும்தான்.

அந்தக் கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கச் சொல்லுங்கள். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கு அதே கல்லில் வெட்டியிருக்கிறது. ஊருக்கு ஊர் வரியில்லாமல் கழித்த நிலங்களின் பட்டியல் அது: ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. தீண்டாச்சேரி என்ற சொல்லே அதில் உண்டு. பறையருக்குத் தனிச் சுடுகாடும் உண்டு. 1890களிலிருந்தே அச்சில் கிடைக்கிற சங்கதி இது, ரகசியமில்லை.

ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் ஏறிய எங்க தெரு, பிள்ளையின் நோட்டில் ஏன் ஏறவில்லை? சின்ன மனசு நோகுமாம். தினம் தினம் வகுப்பில் நோகாத மனசா கல்வெட்டைப் படித்து நோகப்போகிறது? தனித் தெருவும் தனிச் சுடுகாடும் தலையெழுத்தல்ல, ராஜாங்கம் அளந்து கணக்கில் வைத்த ஏற்பாடு. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இது புரியும். மனுசன் செய்து வைத்ததை மனுசன் கலைக்கலாம் என்பதும் புரியும்.

இந்தச் சொற்களை எங்க தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பொண்ணு கேட்டாள்: "அண்ணே, கல்லு சுமந்தவங்க பேரு இருக்கா?" ஆடல் மகளிர் 400 பேருக்குப் பேரும் வீட்டு வரிசையும் இருக்கிறது. கல் சுமந்தவர்களுக்கு இல்லை. அப்ப நாமளே எழுதுவோம் என்று கிளம்பினார்கள். அப்பாயிகளிடம் உட்கார்ந்து நடவு நட்ட வயல்களின் பேர், தண்ணி மறுத்த கிணறு, பிணம் போக விடாத பாதை எல்லாவற்றையும் கேட்டு, தெருவின் படம் போட்டார்கள். சொல்லச் சொல்லக் கிழவிகளுக்கும் குரல் ஏறியது.

ஆசிரியத் தோழர்களே, அடுத்த முறை வண்டி பிடிக்கும்போது சேரிப் பிள்ளையை வேடிக்கை பார்க்க மட்டும் கூட்டிப் போகாதீர்கள். அதன் கையில் கல்வெட்டுப் படியைக் கொடுங்கள். திரும்பி வந்ததும் அதன் தெருவை எழுதச் சொல்லுங்கள். அப்பாயிகள் இருக்கும்போதே எழுதச் சொல்லுங்கள்.