சிறுவர் தோளில் ஏற்றிய பொறுப்பு

ஆண்மக்களை உடலுரமும் பொறுப்புணர்ச்சியும் உடையோராய் வளர்ப்பது எங்ஙனம்? எக்காலத்துப் பெற்றோரும் எண்ணிக் கவன்ற இவ்வினாவிற்கு ஒரு விடை போர்முனையிலே கிடைத்தது.

1899ஆம் ஆண்டு அக்டோபரில், தென்னாபிரிக்காவின் மாபெக்கிங் நகரைப் போயர் படை வளைத்துக்கொண்டது. 217 நாள் நீடித்த அம்முற்றுகையில் ஆட்கள் போதாமையால், நகரச் சிறுவர் செய்தி கொண்டுசெல்லும் பணியில் அமர்த்தப்பட்டனர். குண்டுகள் விழும் வெளியிலே துவிச்சக்கரவண்டியிற் சென்று அவர்கள் கடமையாற்றினர். நம்பி ஒப்படைத்தாற் சிறுவரும் பெரியோர்போல் ஒழுகுவர் என்பதைத் தளபதி பேடன் பவல் ஆங்கே கண்டார்.

சிறுவரைக் குண்டுகளுக்கிடையே அனுப்புதல் வளர்ப்பு முறையாகாது. ஆதலின் அவர் ஆபத்தை நீக்கிப் பொறுப்பை மட்டும் வைத்துக்கொண்டார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டில், இங்கிலாந்தின் பிறவுன்சித் தீவில், செல்வர் மக்களும் தொழிலாளர் மக்களுமாக ஏறத்தாழ இருபது சிறுவர் ஒன்றாய்ப் பாசறை அமைத்துத் தங்கினர். நான்கு அணிகளாய்ப் பிரிந்த அவர்களுள், ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிறுவனே தலைவன். தடமறிதல், கூர்ந்து நோக்கல், உயிர்காத்தல் ஆகியனவே பாடங்கள்.

அதிலிருந்து வளர்ந்த சாரணர் இயக்கம் 1912இல் மாத்தளையில் இலங்கை மண்ணைத் தொட்டது. ஏவலுக்குப் பணிய மட்டும் பழகிய மகன் ஏவுவாரின்றி நிற்கமாட்டான். சிறு கடமையொன்றைத் தனதென்று ஏற்றவனே பின்னர்க் குடும்பத்தையும் நாட்டையும் தாங்குவான்.