ஓய்வு வயதை வகுத்தது யார்?

"வேலையில் இருந்தவரை திடமாக இருந்தார், ஓய்வு பெற்றதும் தளர்ந்துவிட்டார்." இப்படிப் பலரும் பேசக் கேட்டிருப்பீர்கள். அப்படியானால் முதுமையிலும் உழைப்பது உடலுக்கு நல்லதா? இதற்கு விடை காணுமுன், ஓய்வு வயது என்பதே எப்படித் தோன்றியது என்று பார்ப்போம்.

1889-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிஸ்மார்க் முதியோர் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளியும் முதலாளியும் பணம் செலுத்த, அரசும் ஒரு பங்கு சேர்த்தது. ஓய்வூதியம் பெறும் வயது 70. 'பிஸ்மார்க் தம் வயதான 65-ஐயே எல்லையாக வைத்தார்' என்ற கதை தவறு. அப்போது அவருக்கே வயது 74! அந்த எல்லை 65 ஆனது 1916-இல்தான். பிரிட்டன் 1908-இல் 70 என்றும், அமெரிக்கா 1935-இல் 65 என்றும் சட்டம் செய்தன. இவை உடலைச் சோதித்துக் கண்ட எல்லைகள் அல்ல; அரசின் கருவூலம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கும் அவற்றில் கலந்திருந்தது.

மருத்துவர்கள் என்ன சொன்னார்கள்? புகழ்பெற்ற மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர், 1905-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பிரிவுரை ஆற்றினார். அறுபதைக் கடந்தவர்கள் வேலையை விடுவதே உலகுக்கு நன்மை என்றார். ஒரு நாவலைச் சுட்டி, குளோரோஃபார்ம் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று வேடிக்கையும் பேசினார். பத்திரிகைகள் அதை மெய்யென்று எடுத்துக்கொண்டு கொதித்தெழுந்தன. அப்போது 55 வயதான ஆஸ்லர் ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று, 1919-இல் 70-ஆம் வயதில் இறக்கும்வரை பேராசிரியராகவே இருந்தார்!

ஒருவரது வாழ்க்கையைக் கொண்டு விதி வகுக்க முடியாது. பலரை ஒப்பிட்டால்? அங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. அதை 1885-இலேயே சுட்டிக்காட்டியவர் இங்கிலாந்தில் இறப்புக் கணக்குகளை ஆராய்ந்த வில்லியம் ஓகிள். கடினமான தொழிலில் வலுவற்றவர்கள் சேர்வதில்லை. சேர்ந்தவர்களும் நோயுற்றால் விலகிவிடுகிறார்கள். எஞ்சியிருப்பவர்கள் திடமானவர்கள். அவர்களிடையே இறப்பு குறைவாக இருப்பதைக் கண்டு, அத்தொழிலே உடலுக்கு நல்லது என்று சொல்லலாமா?

முதுமைக்கும் இதே கேள்விதான். உழைப்பதால் உடல்நலமா, உடல்நலம் இருப்பதால் உழைப்பா? நோயால் ஓய்வு பெற்றவர் விரைவில் இறந்தால், பழி ஓய்வின்மேல் விழுந்துவிடுகிறது.

இம்முடிச்சை அவிழ்க்க ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். அரசு ஓய்வூதிய வயதை மாற்றும்போது, சில மாத இடைவெளியில் பிறந்த இருவரில் ஒருவருக்குப் பழைய விதியும் மற்றவருக்குப் புதிய விதியும் பொருந்தும். அதை நிர்ணயிப்பது நோய் அல்ல, பிறந்த தேதி. இத்தகைய ஒப்பீடுகளில் ஒரே விடை கிடைக்கவில்லை. சில ஆய்வுகளில் ஓய்வு மனநலத்தை உயர்த்தியது. சிலவற்றில் நினைவாற்றல் குறைந்தது. செய்த வேலை எத்தகையது, விரும்பி விட்டாரா, கையில் பணம் உண்டா என்பவற்றைப் பொறுத்தே விளைவு அமைகிறது.

இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-இலிருந்து 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. மாறியது விதியே தவிர, ஊழியரின் உடல் அன்று. மேசை வேலைக்குப் பொருந்தும் வயது மூட்டை சுமப்பவருக்கும் பொருந்துமா? ஓய்வூதியமே இல்லாத கூலித் தொழிலாளிக்கு ஓய்வு வயது ஏது?

இனி யாரேனும் "ஓய்வுதான் அவரைச் சாய்த்தது" என்றால், ஒன்று கேளுங்கள்: முதலில் வந்தது ஓய்வா, நோயா?